முட்டியை விட்டு நகராத பேண்ட்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற சாலையில் பைக்கோடு விழுகிறவர்களில் பலரும் வேகத்தால் விழுவதில்லை. புளியரை எஸ் வளைவில் முன்னால் போன லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி, ஆரியங்காவு தாண்டி மரநிழலில் காயாமலே கிடக்கிற பாசி, தை மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது தார் மேல் படிந்து பனியில் ஊறிக் கிடக்கிற சருகு. இவைதான் ஆளைத் தள்ளுகின்றன. முப்பது நாற்பது வேகத்தில் வண்டி சாயும். ஹெல்மெட் இருந்தால் தலை தப்பும். உள்ளங்கை, முட்டி, இடுப்பெலும்பு மூன்றும் முதலில் தரையில் அடிபடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு செங்கோட்டை, வேலை புனலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஒரு வழிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ரயில் நேரம் ஷிஃப்டோடு ஒத்துவருகிற நாட்களில் ரயில், மற்ற நாட்களில் பைக். நான் ஓட்டிப் போகிற அதே சாலையில் விழுந்தவர்களின் முட்டிகள் என் மேஜைக்கு வருகின்றன. அதனால் ரைடிங் பேண்ட், அதாவது பைக் ஓட்டும்போது அடிபடாமல் காக்க முட்டியிலும் இடுப்பிலும் பேட் (தடுப்புப் பஞ்சு) வைத்துத் தைத்த பேண்ட், வாங்குவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு.

கழுதுருட்டிப் பக்கம் விழுந்த ஒரு கல்லூரிப் பையனைச் சொல்கிறேன். எலும்பு முறியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஜீன்ஸ் முட்டியில் கிழிந்து, தோல் தேய்ந்து, பொடிக்கல் சதைக்குள் ஏறியிருந்தது. அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவித்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் உள்ளேயே தங்கித் தோல் கருநீலமாகிவிடும். புண் ஆறியபோது முட்டிக்கு மேலே தழும்பு இறுகிவிட்டது. வலிக்குப் பயந்து அவன் காலை நீட்டியே வைத்திருந்ததால் மூட்டும் பிடித்துக்கொண்டது. முதல் நாள் கோணம் அளந்து பார்த்தபோது 60 டிகிரியைத் தாண்டவில்லை. படி இறங்க 90 டிகிரியாவது மடங்க வேண்டும். குத்தவைத்து உட்கார 130-க்கு மேல் வேண்டும். எலும்பு முறியாத முட்டிக்கே இத்தனை பாடு. இப்படிப்பட்ட முட்டிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. நல்ல துணியும், நின்ற இடத்தில் நிற்கிற ஒரு பேடும் இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை என்னிடம் வந்தே இருக்காது.

பைக் ஓட்டுகிறவர் என்ன அணிய வேண்டும் என்பதில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டோடு நின்றுவிடுகிறது. இடுப்புக்குக் கீழே என்ன போடுவது என்பது நம் பொறுப்பு. கடைக்காரர் சொல்வதையும் விளம்பரத்தில் வருவதையும் நம்பி வாங்கினால் போதாது.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'எது ரொம்ப உறுதி' என்றுதான். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு, கால் மணி நேரத் தூரம் போவதற்கும், இதை நான் எடுத்து மாட்டுவேனா? மாட்ட மாட்டேன் என்றால் எத்தனை தரச் சான்று இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. எங்கள் தெருவிலேயே இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய, நீண்ட பயணத்துக்கான கனமான டூரிங் பேண்ட் பீரோவில் தொங்குகிறது. அதன் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்காசிக்குப் போய் வருகிறார்.

தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் வெயில் ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் பக்கம் வெயில் கடுமை, ஆனால் காற்று உண்டு, வேர்வை காய்ந்துவிடும். மலையைத் தாண்டித் தென்மலை இறங்கினால் புழுக்கம். நிழல் இருக்கும், காற்று இருக்காது, துணி உடம்போடு ஒட்டும். காற்று நுழைகிற வலைத்துணி வைத்த மெஷ் பேண்ட் இரண்டுக்கும் ஒத்துவருகிறது. ஆனால் மெஷ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, மெஷ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடையில் பேண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். தொடையின் முன்பக்கமும் கெண்டைக்காலின் பின்பக்கமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும், காற்று அங்கேதான் நுழைகிறது. முட்டி, இடுப்பின் இரு பக்கம், பின்புறம் ஆகிய இடங்களில் வெளிச்சம் தெரியவே கூடாது, அங்கே கெட்டித் துணி இருக்க வேண்டும். இடுப்புப் பக்கத்திலும் வலை வைத்துத் தைத்த பேண்ட்கள் விற்பனையில் இருக்கின்றன. பார்க்கக் காற்றோட்டமாகத் தெரியும். சறுக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் இறங்குகிற இடம் அது. அப்படிப்பட்டதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உள்ளே என்ன போடுவது என்று என்னோடு வேலை பார்க்கிற நர்சுகள் கேட்பார்கள். பருத்தி லெக்கிங்ஸ் வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், ஒரு மணி நேரத்தில் தொடை இடுக்கு எரியும். விளையாட்டுக்காரர்கள் போடுகிற மெல்லிய பாலியஸ்டர் டைட்ஸ் சீக்கிரம் காயும். அதைப் போட்டு, மேலே ரைடிங் பேண்ட், மருத்துவமனை போய்ச் சேர்ந்ததும் யூனிஃபார்ம். மாற்ற வசதி இல்லாத இடத்தில் வேலை என்றால், ஷூவைக் கழற்றாமலே மாட்டக்கூடிய, கால் முழுக்கப் பக்கவாட்டில் ஜிப் வைத்த ஓவர்பேண்ட் நல்லது. அலுவலக உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொண்டு, இறங்கியதும் உரித்து வைத்துவிடலாம்.

சரி, முட்டிக்கு வருவோம்.

பேண்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கும்போது பேட் சரியாக முட்டி மேல் இருப்பது போலத் தெரியும். பைக்கில் நாம் நிற்பதில்லை. உட்கார்ந்து முட்டியை மடக்கினால் தொடைத் துணி மேலே இழுபடும், அதோடு பேடும் மேலே ஏறும். நிற்கும்போது முட்டிச் சில்லின் மேல் இருந்த பேட், உட்கார்ந்தால் தொடையின் கீழ்ப்பாதிக்குப் போய்விடும். கீழே விழும்போது அடி வாங்குவது சில்லும் அதற்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் கணைக்கால் எலும்பின் தலையும். அந்த இடம் வெறுமையாக நிற்கும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் நான் என்னுடையதை வாங்கியபோது விற்பனைப் பையன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "சேச்சி, சைஸ் கரெக்ட் ஆணு" என்றான். வாசலில் நின்ற என் வண்டிக்கு அந்தப் பேண்டோடு போய் உட்காரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூடவே வந்தான். உட்கார்ந்து, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். பேடின் மேல்விளிம்பு சில்லுக்கு நாலு விரல் மேலே, கீழ்விளிம்பு சில்லின் நடுவிலேயே முடிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் வேறொரு மாடலில் பேட் வைக்கிற உள்பை முழுக்க வெல்க்ரோ, பேடை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டலாம். அதைக் கடைசி நிலைக்கு இறக்கி ஒட்டியதும் சில்லு முழுக்க மூடி, கணைக்கால் எலும்பில் நாலு விரல் வரைக்கும் வந்தது. முதல் பேண்டை விட இது பார்க்க சுமார்தான். நான் வாங்கியது இதைத்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. உட்கார்ந்த நிலையிலேயே பேடை வெளியிலிருந்து கையால் பிடித்துக் காலின் வெளிப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். விழுந்து சறுக்கும்போது தார் செய்யப்போவது அதுதான். பேட் ஒரு விரல் அகலம் நகர்ந்து நின்றால் பரவாயில்லை. சுற்றிக்கொண்டு முட்டியின் பக்கவாட்டுக்கே போய்விட்டால் அந்தப் பேண்ட் உங்களுக்கு லூஸ். முட்டிக்குக் கீழே இறுக்கிக்கொள்ள ஒரு பட்டையோ ஜிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கினால் முட்டியில் இறுகாது.

பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். ஆண்களுக்குத் தைத்த பேண்டில் இடுப்புச் சுற்றளவு சரியாக இருந்தால் பிருஷ்டத்தில் பிடிக்கும், அங்கே சரியாக எடுத்தால் இடுப்பில் தொளதொளக்கும், முட்டிப் பேடோ வேறு எங்கோ போய் நிற்கும். ராயல் என்ஃபீல்டு உட்படச் சில நிறுவனங்கள் பெண்களுக்கென்றே தைத்து விற்கின்றன. வகைகள் குறைவுதான், ஆனால் முதலில் அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஆன்லைனில் வாங்குவதென்றால் திருப்பி அனுப்ப முடியுமா என்று உறுதி செய்துகொண்டு, வந்த அன்றைக்கே அட்டையைக் கிழிக்காமல் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிற்கும்போது கணுக்காலோடு அழகாக நிற்கிற பேண்ட், உட்கார்ந்தால் கெண்டைக்கால் தெரிகிற அளவுக்கு ஏறிவிடும். சைலன்சர் சுட்ட தழும்போடு எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன். நிற்கும்போது ஷூவின் மேல் இரண்டு மூன்று அங்குலம் மடிந்து விழுகிற நீளம்தான் வண்டியில் சரியாக வரும்.

இனி லேபிள். இதில்தான் ஏமாற்று அதிகம். ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையான சிஇ-யைக் காட்டி, 'சிஇ சான்று பெற்ற ரைடிங் பேண்ட்' என்று விற்பதில் பலவற்றில் சான்று பெற்றது உள்ளே இருக்கிற பேட் மட்டும்தான். துணிக்கும் தையலுக்கும் எந்தச் சோதனையும் நடந்திருக்காது. இரண்டுக்கும் தனித்தனித் தரம் உண்டு, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பேடுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1621-1. பேடை வெளியே எடுத்தால் அதன் மேலேயே அச்சாகியிருக்கும்: பைக் ஓட்டுகிறவரின் சின்ன உருவம், இந்த எண், முட்டிக்கானது என்பதற்கு 'கே' என்ற எழுத்து, லெவல் 1 அல்லது 2. ஐந்து கிலோ எடையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற அளவு அடியைப் பேடின் மேல் கொடுத்து, அது மறுபக்கம் எவ்வளவு விசையைக் கடத்துகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. அதாவது முட்டிச் சில்லுக்குப் போய்ச் சேருகிற விசையில் ஏறக்குறைய பாதி வித்தியாசம். விலையில் சில நூறு ரூபாய்தான் கூடும். முட்டிக்கு லெவல் 2-க்குக் குறைந்து வாங்காதீர்கள். இடுப்புப் பேட் பல பேண்ட்களில் வருவதே இல்லை, காலிப் பை மட்டும் தைத்திருக்கும், அல்லது மெல்லிய சாதாரண ஸ்பாஞ்சை வைத்து நிரப்பியிருப்பார்கள். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சான்று பெற்ற பேட் தனியாக வாங்கி வையுங்கள். பக்கவாட்டில் விழுந்தால் தொடையெலும்பின் மேல்முனை நேராகத் தரையில் அடிக்கும். வயதானவர்களுக்கு அந்த இடம் முறிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன்.

முழு உடுப்புக்கான தரம் இஎன் 17092. 2020-இல் வந்தது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று மூன்று வகுப்புகளை நாம் கவனித்தால் போதும். பி வகுப்பு ஏ மாதிரியே தேய்மானம் தாங்கும், ஆனால் பேட் கிடையாது. சி என்பது உடுப்புக்கு உள்ளே போடுகிற பேட் தாங்கி மட்டும். சோதனையில் துணியைச் சுழலும் கையில் கட்டி, குறிப்பிட்ட வேகத்தில் கான்கிரீட் தளத்தின் மேல் விடுகிறார்கள். நின்று முடிப்பதற்குள் துணியில் ஓட்டை விழக்கூடாது. முட்டி, இடுப்பு போன்ற அதிக ஆபத்துள்ள பகுதிகளில் ஏஏஏ என்றால் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு ஈடான வேகம், ஏஏ என்றால் 70, ஏ என்றால் 45. தையல் பிரிகிறதா என்பதையும் இதில் தனியாகச் சோதிக்கிறார்கள். துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தையல் பிளந்துவிட்டால் பயனில்லையே.

இந்த எண்களை நம் சாலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். புளியரையிலிருந்து தென்மலை வரைக்கும் ஐம்பதைத் தாண்டி ஓட்ட வழியும் இல்லை, ஓட்டவும் கூடாது. அங்கே ஏ வகுப்பு மெஷ் பேண்ட் போதும். மதுரை போகிற நான்குவழிச் சாலையில் எண்பது தொண்ணூறில் போகிறவருக்குக் குறைந்தது ஏஏ வேண்டும். என் தம்பி வாரா வாரம் அந்தப் பாதையில் போகிறவன். அவனுக்கு மெஷ் வேண்டாம் என்று நானே தடுத்தேன். ஏஏஏ பெரும்பாலும் தோலிலும் கெவ்லர் போன்ற கனமான அராமிட் துணியிலும்தான் கிடைக்கிறது. இந்த ஊர் வெயிலில் அதைத் தினமும் போட ஆளில்லை.

நம் நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் பேடுக்குச் சான்று இருக்கும், முழு உடுப்புக்கு எல்லா மாடலிலும் இருக்காது. அப்படி இல்லாததை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பவரிடம் வகுப்பு என்ன என்று கேளுங்கள். "எல்லாம் சிஇதான்" என்ற பதில் வந்தால், உள்பக்கத் தையலோடு இருக்கிற லேபிளைத் தேடிப் படியுங்கள். எண்ணும் எழுத்தும் அங்கே இல்லையென்றால் சான்று பேடுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு, துணியையும் தையலையும் நாமே பார்க்க வேண்டும். பின்புறத் தையல் ஒற்றையா, இரட்டையா, மூன்றா? இடுப்புப் பக்கம் துணி ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா? கவட்டுத் தையலில் இழுத்துப் பார்த்தால் நூல் பல்லிளிக்கிறதா?

ரைடிங் ஜீன்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அலுவலகத்துக்கு அப்படியே போட்டுக்கொண்டு போகலாம் என்பதால் ஆசை வரும். நியாயமான ஆசைதான். சாதாரண ஜீன்ஸ் தேய்மானச் சோதனையில் ஒரு நொடி தாங்குவதே அபூர்வம். ரைடிங் ஜீன்சில் அராமிட் நூலோ யுஎச்எம்டபிள்யூபிஇ என்கிற உறுதியான பாலிஎத்திலீன் நூலோ சேர்ந்திருக்கும். உள்ளே ஒரு துண்டை மட்டும் முட்டிக்கும் பின்புறத்துக்கும் வைத்துத் தைத்ததும் உண்டு, ஜீன்ஸ் துணியிலேயே கலந்து நெய்ததும் உண்டு. இரண்டாவது வகை மெலிசு, காற்றோட்டம் அதிகம், விலையும் அதிகம். கேரளப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரைடிங் ஜீன்ஸ் எனக்குச் சரிப்பட்டு வராது. ஒரு தடவை நனைந்தால் மறுநாள் வரை காயாது. மழைக்காலம் குறைந்த வேலூர், சித்தூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். குற்றாலத்தில் சீசன் என்றால் செங்கோட்டையில் சாரல், ஆரியங்காவில் கொட்டுகிற மழை. ஒரே பயணத்தில் காய்ந்த சாலை, தூறல், அடைமழை மூன்றும் உண்டு. டூரிங் பேண்ட் பலவற்றில் தண்ணீர் புகாத லைனர் ஒன்றை உள்ளே ஜிப்பால் இணைத்துக் கொடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அதை மாட்ட வேண்டுமென்றால் பேண்டைக் கழற்ற வேண்டும். புளியரை செக்போஸ்ட் பக்கத்தில் சாலையோரம் நின்று எந்தப் பெண் பேண்டைக் கழற்றுவாள்? ஆண்களே கடை மறைவு தேடுகிறார்கள். சரி, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் மழை வரும்வரை உள்ளே வேர்த்து ஊற்றும். மழை வந்த பிறகும் லைனர் உடம்பைத்தான் காக்கும். வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், காற்றில் குளிரும், இறங்கி உட்கார்ந்த இடமெல்லாம் சொட்டும்.

எனக்கு ஒத்துவந்தது மெஷ் பேண்டுக்கு மேலே போடுகிற தனி மழைப் பேண்ட். அதில் மூன்று விஷயம் பார்த்து வாங்கினேன். ஷூவோடு கால் நுழைகிற மாதிரி கீழிருந்து முட்டி வரை ஜிப், அந்த ஜிப்புக்கு உள்ளே தண்ணீரைத் தடுக்கிற ஒரு மடிப்பு. உட்காரும் இடத்தில் தையல் இல்லாத ஒரே துண்டுத் துணி, ஏனென்றால் சீட்டில் தேங்குகிற தண்ணீர் கவட்டுத் தையல் வழியாகத்தான் முதலில் இறங்கும். கீழ்விளிம்பு ஷூவுக்கு வெளியே விழுகிற நீளம். ஷூவுக்குள் செருகினால் காலில் வழிகிற தண்ணீர் எல்லாம் ஷூவுக்குள் போய் நிரம்பும். வலதுகால் பக்கம் சைலன்சர் சூட்டில் ஒட்டி உருகாதபடி வெப்பம் தாங்குகிற துணி வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மழைப் பேண்டை ரைடிங் பேண்டை விட ஒரு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டும். உள்ளே பேட் இருப்பதால் அதே சைஸில் முட்டி மடங்கும்போது இறுக்கும், ஓரிரு மாதத்தில் தையல் விடும்.

சுற்றுலாப் பயணம் என்று வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். வீட்டுக்காரரும் நானும் ராஜபாளையம், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் போவதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது மெஷ் பேண்ட் இல்லாவிட்டால் தாங்காது. அன்றைக்கே சாயந்திரம் குட்டிக்கானத்தில் மூடுபனிக்குள் நுழைந்தால் அதே மெஷ் வழியாகக் குளிர் முட்டிக்குள் இறங்கும். முட்டி விறைத்தால் பிரேக் மிதி மேல் கால் மெதுவாகத்தான் போகும். இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு இல்லை. குமுளி மலைச்சாலை ஏறுவதற்கு முன்பே, கூடலூர் டீக்கடையில் நிற்கும்போது, மழைப் பேண்டை மேலே மாட்டிக்கொண்டுவிடுவோம். மழை இல்லாவிட்டாலும் காற்றை நிறுத்திவிடும். அதற்கும் மேலே குளிர் என்றால் உள்ளே ஒரு தெர்மல். மூன்றும் சேர்ந்தால் நாலு பருவத்துக்கும் ஆன ஒரே பேண்டை விட மலிவு, துவைப்பதும் சுலபம்.

நீண்ட பயணத்தில் இன்னொன்றும் தெரியவரும். முட்டியின் பின்பக்கம் துணி மடிந்து அழுத்துகிறதா என்பதைக் கடையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கணுக்காலில் வீக்கம் வரும். முட்டிக்கு மேலேயும் முதுகுப் பக்கத்திலும் இழுபடுகிற சுருக்குத் துணி வைத்த பேண்டில் இந்தத் தொல்லை குறைவு. ஜாக்கெட்டோடு இணைக்கிற ஜிப் இருந்தால் நீண்ட பயணத்தில் இணைத்துவிடுங்கள். சறுக்கும்போது ஜாக்கெட் மேலே ஏறி முதுகு வெளியே தெரிவதைத் தடுக்கும். பேண்ட் பையில் சாவிக்கொத்து, போன் வைத்து ஓட்டாதீர்கள். விழுந்தால் அவற்றின் விளிம்புதான் தொடைக்குள் இறங்கும்.

பணம். நல்ல முட்டிப் பேடோடு மெஷ் பேண்ட், மும்பையின் ரைனாக்ஸ், பெங்களூருவின் வயாடெர்ரா போன்ற நம் நாட்டு நிறுவனங்களில் ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். அவ்வளவு முடியாதவர்களுக்கு, கெட்டியான சாதாரண பேண்டுக்கு மேல் கட்டுகிற முட்டிக் கவசம் உண்டு. முட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு பட்டைகள் உள்ளதாக எடுங்கள், ஒற்றைப் பட்டை உள்ளது வழுக்கி இறங்கிவிடும். அது தோல் தேய்வதை முழுக்கத் தடுக்காது, இடுப்பைக் காக்காது, ஆனால் வெறும் முட்டியை விட ஆயிரம் மடங்கு மேல். எங்கள் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பிக்கு நான் சொல்லி வாங்க வைத்தது அதைத்தான். தினமும் போடுகிறான்.

எந்த பேடும் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். கால் வண்டிக்கு அடியில் மாட்டி முறுக்கினால் முட்டிக்குள் இருக்கிற தசைநார் கிழிவதைப் பேண்ட் தடுக்காது. லாரிச் சக்கரத்தின் முன்னால் எதுவும் நிற்காது. பேட் காப்பது நேரடி அடியை, துணி காப்பது தேய்மானத்தை.

பராமரிப்பு சுலபம்தான். பேடுகளைக் கழற்றிவிட்டு, மிதமான சோப்புத் தூளில் கையால் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். அராமிட் நூல் வெயிலில் மஞ்சளாகி வலுவிழக்கும், பிளீச்சிங் பவுடரும் அதற்கு ஆகாது. பாலிஎத்திலீன் நூல் சேர்ந்த துணியை அயர்ன் பண்ணவே கூடாது, 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். மழைக்காலத்தில் புனலூரில் இரண்டு நாள் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். செங்கோட்டைக் காற்றில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடுகிறது. ஒரு முறை பலமாக அடி வாங்கிய பேடையும், விளிம்பில் வெடித்து இறுகிப்போன பேடையும் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற பேண்டில் பேட் மேலே ஏறி நிற்கிறது, நகர்த்த வெல்க்ரோவும் இல்லை என்பவர்களுக்கு. தூக்கிப் போட வேண்டாம். என்னோடு வேலை பார்க்கிற ஒரு நர்சின் பேண்ட் அப்படித்தான் இருந்தது. செங்கோட்டை பஜாரில் பை, சீட் கவர் தைக்கிற டெய்லர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். முதலில் அவளை வண்டியில் உட்கார வைத்து, முட்டிச் சில்லின் மேல்விளிம்பையும் கணைக்கால் எலும்பின் மேட்டையும் பேண்டின் மேலேயே சாக்பீஸால் குறித்தேன். அண்ணாச்சி பேண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெளித்துணியத் தொடாண்டாம்மா, உள்ளப் பையை மட்டும் பிரிச்சு ரெண்டு இஞ்சு எறக்கித் தச்சா போதும்" என்றார். அதுதான் சரியான வழி. பக்கத் தையலையோ முட்டியின் வெளித்துணியையோ பிரித்தால் அதன் உறுதி போய்விடும். அடிப்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விட்டு, சாதாரண பருத்தி நூலுக்குப் பதில் பை தைக்கிற கெட்டி நைலான் நூலில், ஊசி வெளித்துணிக்குப் போகாமல் உள்லைனிங்கோடு மட்டும் தைத்துக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய் ஆனது. திரும்ப உட்கார வைத்துத் திருகிப் பார்த்தோம், பேட் சில்லின் மேலேயே நின்றது. இடது காலில் மட்டும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது, அதையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.